டிக்கெட்காரி வீட்டுப் படங்கள்

பாரிட் புந்தார்
19 மார்ச் 2020

அண்ணனுக்கு,

ஸலாம். நீயும் சல்மா அண்ணியும் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் குமட்டுகிறது.

ஒரு நாள் வேலை என்றுதான் வந்தேன். காலையில் இறங்கி, இத்ரிஸோடு என் நிக்காஹ்வுக்கு அப்பாவின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே ஷா ஆலம் திரும்பிவிடுவதாக இருந்தேன். தகப்பன் உயிரோடு இருக்கும்வரை வேறு யாரும் என்னைக் கைபிடித்துக் கொடுக்க முடியாதாமே. நாற்பத்தாறு வயதுக்காரிக்கும் அதே சட்டம்தானாம். ஆனால் மறுநாளிலிருந்து யாரும் வெளியே வரக்கூடாது என்று அறிவித்ததும் ஊரே பேருந்து நிலையத்தில் நின்றது. எனக்கு இடம் கிடைக்கவில்லை. நம்மையும் அம்மாவையும் விட்டு அவர் எந்த வீட்டுக்குப் போனாரோ, அதே வீட்டில் இப்போது பாய் விரித்துப் படுத்திருக்கிறேன்.

ஏன் கடிதம் என்று கேட்பாய். இங்கே பலகைச் சுவர், போனில் மூச்சுவிட்டாலும் பக்கத்து அறைக்குக் கேட்கும். கைபேசியில் எழுதினால் உனக்கு முன்னால் அண்ணி படித்துவிடுவாள்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது. லாரி ஓட்டிய கை இப்போது ரிமோட்டைத்தான் ஓட்டுகிறது. காலையில் கார்ட்டூன், மதியத்தில் கறுப்பு வெள்ளைப் படம், சாயங்காலம் இன்னொரு கறுப்பு வெள்ளைப் படம். ஊரே நோய்க்குப் பயந்து நடுங்குகிறது, இங்கே கொட்டகை திறந்திருக்கிறது. அம்மா வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் பார், டிக்கெட்காரி! சினிமாக் கொட்டகையின் ஜன்னலுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவள் இப்போது பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வந்தபோது எழுந்திருக்கக்கூட இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, "யாரு, மஸ்னாவா? வாம்மா" என்றாள். என் முகத்தை நேராகப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

மஸ்னா

•

கோத்தா திங்கி
28 மார்ச் 2020

தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். இருவரும் நலம். உன் கடிதத்தை சல்மா முதலில் பிரித்துப் படித்துவிட்டாள். உன்மேல் கோபமாக இருக்கிறாள்.

அப்பா என்று எழுதியிருக்கிறாய். பதினைந்து வயதில் நான் பள்ளிக்கூடம் முடிந்து வந்து அம்மாவோடு ரோட்டோரத்தில் வாழைப்பழம் பொரித்தேன். கொதிக்கிற எண்ணெய் என் முழங்கையில் தெறித்த அன்று அந்த மனிதர் கொட்டகையில் கால்மேல் கால் போட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். என் வகுப்புப் பையன்கள் எல்லாரும் வீட்டில் கிடந்து கார்ட்டூன் பார்க்கிறார்கள், ஒருவனும் புத்தகத்தைத் தொடுவதில்லை. எழுபத்தெட்டு வயதில் ஒருவர் அதையே செய்கிறார் என்றால், அந்தப் புத்தி எந்த வகுப்போடு நின்றுவிட்டது என்று தெரிகிறது.

சம்மதத்தை வாங்கு. அவளிடம் பேசாதே. முடிந்தால் உன் சோற்றை நீயே ஆக்கிக்கொள்.

ஃபௌசான்

•

பாரிட் புந்தார்
9 ஏப்ரல் 2020

அண்ணனுக்கு,

ஸலாம். இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். அண்ணிக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும்.

சம்மதம் இன்னும் வாங்கவில்லை. வாயைத் திறந்தாலே, "படம் முடியட்டும்" என்கிறார். ஒரு படம் முடிந்தால் அடுத்தது ஆரம்பித்துவிடுகிறது. எல்லாவற்றிலும் ஒரே கதைதான். ஏழை மீனவன், பணக்காரப் பெண், நிலா வெளிச்சத்தில் பாட்டு, கைக்குட்டையில் இருமல், கடைசியில் சாவு. இருமல் வந்ததும் எனக்குக் கொட்டாவி வருகிறது, இவருக்குக் கண்ணீர் வருகிறது.

காலைக் கார்ட்டூனோ அதைவிட மோசம். ஒரு சமையற்காரன் ஒரு நண்டை வேகவைக்கப் பார்க்கிறான். நண்டு தப்பிக்கிறது. அவன் மீசை தீப்பிடிக்கிறது. மறுநாளும் அதே சமையற்காரன், அதே நண்டு. பேச்சே கிடையாது, டமால் டுமீல் சத்தம் மட்டும். அதையும் இவர் சும்மா பார்ப்பதில்லை, பந்து விளையாட்டுக்கு வர்ணனை சொல்வதுபோல் கத்திச் சொல்கிறார்.

"இப்ப நண்டு மூடியத் தலையில கவுத்துக்கிட்டு நடக்குது பாரு… பின்னாடியே சமையக்காரன், பூனை மாதிரி… ஐயோ, வாளிக்குள்ள கால விட்டுட்டான்!"

டிக்கெட்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவன் விழுந்தது சாக்கடையில்.

"எதுக்குப் பொய் சொல்றீங்க? அங்க வாளி எங்க இருக்கு?"

"உனக்கென்ன? அவளுக்கு வாளின்னாதான் சிரிப்பு வரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குக் கண் தெரியாது. சர்க்கரை வியாதியில் போய் நான்கு வருஷமாகிறதாம். வீட்டுக்குள் அவள் பழக்கத்தில் நடப்பதைப் பார்த்து நான் கவனிக்கவே இல்லை.

கொட்டகையில் இருந்தபோதும் அவள் படம் பார்த்ததில்லையாம். ஜன்னலைச் சாத்தி, காசை எண்ணி முதலாளியிடம் கொடுத்து முடிப்பதற்குள் படம் முடிந்துவிடுமாம். "அப்பவும் சுவத்துக்கு இந்தப் பக்கம் சத்தம்தான், இப்பவும் சத்தம்தான். இப்ப உக்கார நல்ல நாற்காலி இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்" என்றாள். என்னிடம் இல்லை, பொதுவாகச் சொன்னாள். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

சோறு நான்தான் ஆக்குகிறேன். வேறு வழியில்லாததால் மூன்று பேருக்கும் சேர்த்து.

மஸ்னா

•

கோத்தா திங்கி
18 ஏப்ரல் 2020

தங்கைக்கு,

ஸலாம். நலம். உன் நலமும் அவ்வாறே.

உன் கடிதத்தில் பாதி நண்டைப் பற்றி. என் வகுப்பில் ஒருவன் இப்படிக் கட்டுரை எழுதினால் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். கேள்வி ஒன்றுதான். சம்மதம் என்ன ஆயிற்று?

கண் போனதைப் பற்றி நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்? அம்மாவுக்கு முதுகு போனது. அவளுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை.

நோன்பு வருகிறது. அந்த டிவிக்கும் நோன்பு வைக்கச் சொல்.

ஃபௌசான்

•

பாரிட் புந்தார்
1 மே 2020

அண்ணனுக்கு,

ஸலாம். நோன்பு உனக்கும் அண்ணிக்கும் லேசாகப் போகட்டும். இங்கே மூவரும் பிடிக்கிறோம். அவள் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம், கேட்பதில்லை.

உன் கேள்விக்குப் பதில். சம்மதம் கிடைத்துவிட்டது.

எப்படி என்று கேள், வயிறு எரியும். நேற்று நோன்பு திறக்கச் சிறிது நேரம் இருந்தது. படத்துக்கு நடுவில் சோப்பு விளம்பரம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நிக்காஹ் எப்போ?"

"ஊரடங்கு முடிஞ்சதும்."

"வரேன்."

"என்னது?"

"வந்து கைபிடிச்சுக் குடுக்கறேன். இதுக்கா ஒன்றரை மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த? பையன் என்ன பண்றான்?"

"பையன் இல்ல. அம்பது வயசு. மீன் தீவனக் கடை."

"நல்லது. நாத்தம் பழகிடும்."

விளம்பரம் முடிந்தது. அவர் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் அண்ணா. எத்தனை வருஷம் நானும் நீயும் என்னவெல்லாம் ஒத்திகை பார்த்தோம். முகத்துக்கு நேரே இதைச் சொல்வேன், அதைக் கேட்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். சண்டைக்குக்கூட அந்த மனிதர் தகுதியில்லை. ஒரு சோப்பு விளம்பரத்தில் தகப்பனாகி, அது முடிந்ததும் ராஜினாமா செய்துவிட்டார்.

இத்ரிஸிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

படியேறினால் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. கால் வீங்கியிருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால், "படம் முடியட்டும்" என்கிறார்.

மஸ்னா

•

கோத்தா திங்கி
12 மே 2020

தங்கைக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க நேரமில்லை.

வெளியூரில் மாட்டிக்கொண்டவர்கள் வீடு திரும்பலாம் என்று போன வாரம் சில நாட்கள் சாலையைத் திறந்தார்கள். நாட்டில் எல்லாருக்கும் தெரியும். இத்ரிஸ் எனக்குப் போன் செய்தார். நீ மனுவே போடவில்லையாம். கேட்டால், "இப்போதைக்கு முடியாது" என்று வைத்துவிடுகிறாயாம்.

சம்மதம் கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் உனக்கு இனி என்ன வேலை? நண்டு கதை முடிந்துவிடும் என்று பயமா?

ஃபௌசான்

•

பாரிட் புந்தார்
16 மே 2020

அண்ணனுக்கு,

ஸலாம். நலம்.

சாலை திறந்தபோது எனக்கு இங்கே வேலை இருந்தது. மே ஐந்தாம் தேதி அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஊரில் சுற்றும் நோய் இல்லை, இதயம் நின்று நின்று ஓடுகிறதாம். யாரையும் உள்ளே விடுவதில்லை. வாசலோடு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள்.

கண் தெரியாதவளுக்கு அடுப்பு, கிணறு, மருந்து ஊசி. காலையில் டிவி. யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

தினமும் மாலை ஐந்து மணிக்கு தாதி போனை அவர் காதில் வைப்பாள். எண்ணை உன் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். அண்ணி படித்திருப்பாள், நீ படித்தாயா என்று தெரியவில்லை. கீழேயும் எழுதியிருக்கிறேன். பேசு. திட்டுவதானாலும் திட்டு. அவருக்கு இப்போது எழுந்து போக முடியாது, முழுவதும் கேட்பார்.

மஸ்னா

•

பாரிட் புந்தார்
3 ஜூன் 2020

அண்ணனுக்கு,

ஸலாம். பெருநாள் எப்படிப் போயிற்று? எங்களுக்கு இப்படிப் போயிற்று.

பெருநாளின் மூன்றாம் நாள் காலை. ஓலையில் வேகவைத்த கேத்துப்பாட் சோறு மிச்சமிருந்தது, சூடுபண்ணி அவள் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நண்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. என் பங்குக்கு நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் மாதிரி வராது. "நண்டு போகுது. அவன் வரான். விழுந்துட்டான்" என்று சொல்வேன்.

"எதுல விழுந்தான்?" என்பாள்.

"வாளில."

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் கேட்டுவிட்டு வைத்தேன். அவளிடம் சொன்னேன்.

"யாரு கூட இருந்தா?" என்றாள்.

"யாரும் இல்ல."

தாதி இருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அவள் டிவியை நிறுத்தச் சொன்னாள். ரிமோட்டைக் காணோம். நான் பாயைப் புரட்டினேன், அவள் தரையில் உட்கார்ந்து கையால் தடவிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் தலையணைக்கு அடியில் இருந்தது. அதுவரை டமால் டுமீல் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டிவியின் பின்னால் கையைவிட்டு இணைப்பைப் பிடுங்கலாம் என்று எங்கள் இருவருக்கும் புத்தி வரவில்லை.

அடக்கத்துக்குச் சில ஆண்களைத்தான் விட்டார்கள். எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். மகன் எங்கே என்று இமாம் கேட்டார். சாலை மூடியிருக்கிறது என்றேன். ஐந்து மணியும் மூடியிருந்ததா என்று அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. இப்போது சட்டப்படி என்னைக் கைபிடித்துக் கொடுக்க வேண்டியவன் நீ. ஜூலையில் நடத்தலாம் என்று இத்ரிஸ் சொல்கிறார். எப்போது வருவாய்?

மஸ்னா

•

கோத்தா திங்கி
14 ஜூன் 2020

தங்கைக்கு,

ஸலாம். இறந்தவருக்காக ஓத வேண்டியதை ஓதிவிட்டேன். மகன் கடமை அவ்வளவுதான்.

உன் நிக்காஹ்வுக்கு வருவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் இத்ரிஸ் போனில் ஒன்று சொன்னார். தீவனக் கடைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையைக் காலிசெய்து வெள்ளையடிக்கிறாராம். யாருக்கு என்று கேட்டேன். உன்னைக் கேட்கச் சொன்னார்.

அம்மாவின் மகள் வீட்டில் அந்தப் பெண்பிள்ளை சோறு தின்னக் கூடாது. அவளுக்கு சுங்கை பட்டாணியில் அக்கா மகன் இருக்கிறான். அவன் கைவிட்டால் அரசாங்கம் நடத்தும் முதியோர் இல்லம் இருக்கிறது. தவிர, புருஷன் போன பெண் நாலு மாத இத்தா முடியாமல் வீட்டைவிட்டு வெளியேறலாமா? மார்க்கமும் உனக்கு மறந்துவிட்டதா?

அவளை அனுப்பிவிட்டு எழுது. தேதி சொல்கிறேன்.

ஃபௌசான்

•

பாரிட் புந்தார்
22 ஜூன் 2020

அண்ணனுக்கு,

ஸலாம். நீ நலமாகத்தான் இருப்பாய். நிபந்தனை போடுகிறவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை.

இமாமிடம் கேட்டுவிட்டேன். தனியாகவிட்டால் ஆபத்து என்றால் இத்தாவில் இருக்கிறவளை அழைத்துப் போகலாம் என்றார். அக்கா மகனுக்கும் போன் செய்தேன். யாருடைய சின்னம்மா என்று என்னையே கேட்டான்.

வாடகை வீட்டை இன்று ஒப்படைக்கிறோம். இத்ரிஸ் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பிரம்பு நாற்காலி கதவுக்குள் நுழையவில்லை, அதனோடு மல்லுக்கட்டுகிறார். அவளைக் கூட்டிப் போவதா என்று நான் அவரிடம் கேட்கவேயில்லை. ஆஸ்பத்திரி நாட்களில் ஒரு முறை போனில், "அந்தம்மாவுக்குப் படியேற முடியுமா?" என்று மட்டும் கேட்டார். முடியாது என்றேன். அதனால்தான் கீழ் அறை.

நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு கட்டில் போட்டுக்கொடுக்க மன்னிப்பு எதற்கு?

அப்பா கேவலமான மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் என் நிக்காஹ்வுக்கு அவர் விலை கேட்கவில்லை. நீ கேட்கிறாய். ஆகவே ஷரியா நீதிமன்றத்தில் மனு கொடுக்கப் போகிறேன். அண்ணன் இருந்தும் மறுக்கிறான் என்று எழுதுவேன். உன்னை அழைப்பார்கள். நீதிபதி முன்னால் நின்று சொல். கண் தெரியாத கிழவிக்கு என் தங்கை சோறு போடுகிறாள், அதனால் அவளுக்குக் கல்யாணம் கூடாது என்று சொல். பையன்களை வெயிலில் நிறுத்திவிட்டுப் பேசுவாயே, அந்தக் குரலிலேயே சொல்.

இனி ஷா ஆலம் விலாசத்துக்கு எழுது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

மஸ்னா

•

கோத்தா திங்கி
20 ஜூலை 2020

மஸ்னாவுக்கு,

ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது? பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

நீதிமன்றம் வேண்டாம். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சொல். வருகிறேன். கைபிடித்துக் கொடுக்கிறேன். அந்த அறைப் பக்கம் வரமாட்டேன்.

இந்தக் கடிதத்தை நானே தபால் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பு.

ஆஸ்பத்திரி எண்ணுக்கு நான் ஒரு நாள் போட்டேன். ஐந்து மணிக்குத்தான். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்து, "யார் பேசுறீங்க? மகனா?" என்றாள். பின்னால் யாரோ இருமுவது கேட்டது. வைத்துவிட்டேன். மறுநாள் போடலாம் என்று இருந்தேன். மறுநாளும் அப்படியே.

ஒன்று கேட்கிறேன். நீ அந்த வீட்டில் இத்தனை நாள் இருந்தாய். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? படத்துக்கு நடுவிலோ, எப்போதோ. உள்ளதை எழுது.

ஃபௌசான்

•

ஷா ஆலம்
27 ஜூலை 2020

அண்ணனுக்கு,

ஸலாம். மாத்திரை போடுகிறேன். நீயும் கண்ணாடியை மாற்று, எழுத்து கோணலாகப் போகிறது.

உள்ளதை எழுதச் சொன்னாய். கேட்கவில்லை.

ஒரு தடவையும் கேட்கவில்லை. அவர் என்னையும் ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசியபோது, அன்றைக்கு நண்டு தப்பித்ததா என்றார். தப்பித்தது என்றேன். சரி என்றார். உனக்கு ஏதாவது நல்லதாக எழுத முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒருவேளை எனக்குத் தெரியாமல் கேட்டிருப்பாரோ என்று கீழ் அறைக்குப் போய் ரொகாயா சின்னம்மாவிடமும் விசாரித்தேன்.

"இல்லம்மா, கேட்டதில்ல" என்றாள். பிறகு, "கேட்டாருன்னு நான் சொல்லணும்னா சொல்றேன்" என்றாள். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்டு எட்டு, சனிக்கிழமை, காலை பத்து மணி. முகத்தை மூடிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள், ஆகவே நீ எப்படி முறைத்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. நெய்ச்சோறு, கோழி. சாப்பிட்டுவிட்டுப் போ. அவள் அறை கடைக்குப் பின்னால், சாப்பாடு முன்பக்கம்.

இன்னொன்று. அதையும் உள்ளபடி எழுதிவிடுகிறேன். பாரிட் புந்தாரில் நான் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பேனாச் சத்தம் அவளுக்குக் கேட்கும். "அண்ணனுக்கா? நல்லா இருக்கானா? முழங்கையில எண்ணெ பட்டுதுன்னாங்களே, ஆறிடுச்சா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். அவ்வளவு காலத்துக்கு முந்தின கதை அவளுக்கு யார் சொன்னார்களோ. நான் பதில் சொன்னதே இல்லை. தலையைக் குனிந்து உன்னிடம் அவளைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்தும் கேட்கிறாள். இந்தக் கடிதத்துக்கும் கேட்டாள். எட்டாம் தேதி அவனே வரான், அவன்கிட்டயே கேளுங்க என்று சொல்லிவிட்டேன்.

மஸ்னா